அடித்தையல்

முதல் பகுதி முடிந்ததும் அவள் துணியை இறுக்கியிருந்த ஃபிரேமை எம்ப்ராய்டரி மெஷினிலிருந்து கழற்றித் திருப்பிப் பார்த்தாள். துணியின் அடிப்பக்கம் ஈரமாக இருந்தது.

கூரை ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்த்தாள். காலையிலிருந்து மழை விடாமல் பெய்துகொண்டிருந்ததில் பதினொன்றரை மணிக்கே முன்னறையில் டியூப்லைட் போடவேண்டி வந்திருந்தது என்றாலும், கூரை காய்ந்துதான் இருந்தது. சரி, மெஷின் எண்ணெய் கசிந்திருக்கும் என்று விரலை மோந்து பார்த்தாள். எண்ணெய் வாடை இல்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் தலையணையைத் திருப்பிப் போடும்போது வருமே, எச்சில் ஊறிக் காய்ந்த புளிப்பு, அந்த வாடை. சட்டென்று விரலைத் துடைத்தாள். துடைத்த துணியைக் குப்பையில் போட்டாள். அப்புறம் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

வீட்டில் அவளுக்குச் சுத்தக்காரி என்று பட்டப்பெயர். "எறும்பு நடந்து போனாக்கூட இவ பின்னாடியே போய் அதோட கால்தடத்தைத் துடைப்பா" என்று அவள் கணவன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். அவளும் சேர்ந்து சிரித்து வைப்பாள். ஆனால் அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று அவளுக்குத்தான் தெரியும். பிறத்தியார் எச்சில், உதிர்ந்த தலைமுடி, காயத்தின் பொருக்கு, குளியலறை ஓட்டையில் சுருண்டு நிற்கும் நுரை, எதைப் பார்த்தாலும் அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வரும். பெற்ற பெண்ணின் மூக்குச் சளியைக்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் துடைப்பாள். எம்ப்ராய்டரி வேலையை அவள் பிடித்துக்கொண்டதே அது சுத்தமான வேலை என்பதால்தான். நூல், துணி, ஊசி. எதிலும் பிசுபிசுப்பு கிடையாது.

ஊசிக்குக் கீழே, அடிநூல் சுற்றிய பாபின் இருக்கும் குழியைத் திறந்தாள். ஒரு லட்சம் தையல் ஓடிய பிறகு அங்கே நூல்தூசி பஞ்சாகச் சேர்ந்திருக்கும், ஊதினால் பறந்துவிடும். இன்று ஊதியும் அசையவில்லை. இடுக்கியால் பிடித்து இழுத்தபோது காதழுக்கின் நிறத்தில் பிசினாக நீண்டு வந்தது, நீண்டு வந்ததில் மெல்லிய செதில்கள் ஒட்டியிருந்தன, வெயிலில் போய் வந்தவர்களுக்கு மூக்கில் உரியும் தோல் மாதிரி. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு குழியை மூன்று முறை துடைத்தாள். மலிவு நூலை வாங்கியதற்குத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஒரு லட்சம் என்பது அந்த மெஷினின் எல்லை. ஒரு டிசைனில் அதற்கு மேல் ஒரே ஒரு தையல் இருந்தாலும் வாங்கிக்கொள்ளாது. திரையில் பெருக்கல் குறி ஒன்றைக் காட்டிவிட்டு உம்மென்று நிற்கும். அவளிடம் இருந்த டிசைனோ இரண்டு லட்சத்து அறுபத்தோராயிரம்.

அது ஒரு குழந்தையின் முகம். போன வாரம் ஒரு பெண் நனைந்த குடையோடு வந்து, இறந்துபோன மகளின் முகத்தைத் தலையணை உறையில் நிஜ அளவில் தைத்துத் தர முடியுமா என்று கேட்டாள். ஆறு வயதாம். "பக்கத்துல வச்சுப் படுத்துக்கணுங்க" என்றாள். கொண்டுவந்த புகைப்படத்தில் அந்தப் பிள்ளை ஊஞ்சலிலிருந்து குதித்துக்கொண்டிருந்தது. முடியும் நெற்றியும் கண்களும் தெளிவாக இருந்தன, கண்ணுக்குக் கீழே எல்லாம் கலங்கிப்போயிருந்தது.

"வேற படம் இல்லீங்களா?"

"எல்லாம் அவங்க அப்பா போன்லதான் இருந்துச்சு. ஒரே விபத்துல அவரும் போயிட்டாரு, போனும் போயிடுச்சு." அந்தப் பெண் குடையை மடக்கினாள், விரித்தாள். "முன்னாடி ஒருத்தர்கிட்ட குடுத்தேன். சுருக்கிச் சுருக்கிப் பிள்ளையைப் பொம்மையாக்கிட்டாரு. நீங்க ஒண்ணையும் குறைச்சிடாதீங்க."

குறைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். வாய்க்கு என்ன, கொடுத்துவிடும். கலங்கிய படத்தைத் தையலாக்க எந்தக் கணினியாலும் ஆகாது என்று இரண்டு நாளில் தெரிந்தது. மூன்றாம் நாள் அவள் தன் மகள் குட்டியின் படம் ஒன்றைத் திறந்து, கன்னங்கள், மூக்கு, முகவாய் என்று வேண்டியதை எல்லாம் வெட்டியெடுத்து அந்தப் பிள்ளையின் கண்களுக்குக் கீழே ஒட்டினாள். ஆறு வயதுக்கு ஆறு வயது. கச்சிதமாகப் பொருந்தியது. யாரிடமும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று ஒரு கணம் தோன்றியது, தோன்றியதை ஒதுக்கினாள்.

பிறகு எண்ணிக்கை. இரண்டு லட்சத்து அறுபத்தோராயிரத்தை மூன்றாகப் பிரித்தால் ஓட்டி முடிக்கவே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்துவிடுவாள். இரண்டாகப் பிரிக்க முடிந்தால் நல்லது. அதற்கு அறுபதாயிரத்துக்கு மேல் போயாக வேண்டும். எதை எடுப்பது என்று யோசித்தவளுக்கு அடித்தையல்தான் தோன்றியது. முகத் தையலில் கண்ணுக்குத் தெரிவது மேல்தையல் மட்டும்தான். அதற்கு முன்னால், துணி இழுபடாமல் இருக்க, குறுக்கும் நெடுக்குமாக வலைபோல ஒரு தையல் ஓடும். அதன் மேல்தான் மேல்தையல் படுத்துக்கொள்ளும். முடிந்த பிறகு அப்படி ஒன்று உள்ளே இருப்பதே யாருக்கும் தெரியாது.

மெக்கானிக்குக்குப் போன் செய்து கேட்டாள். அவன் எதையும் நேராகச் சொல்லிப் பழக்கமில்லாதவன். "எடுக்கலாம், தப்பில்ல. வீடு கட்டறவன் அஸ்திவாரம் யாருக்குத் தெரியப்போகுதுன்னு விட்டா என்ன ஆகும்? அதான் ஆகும்" என்றான்.

அவள் எடுத்துவிட்டாள். அதோடு கன்னங்களில் தையல் வரிகளுக்கு இடையே இடைவெளியையும் கொஞ்சம் கூட்டினாள். மொத்தம் அறுபத்து மூவாயிரம் போயிற்று. முதல் பகுதியில் தோல், இரண்டாம் பகுதியில் முடியும் கண்ணும் கடைசியாக உதடும் என்று பிரித்து வைத்தாள்.

இப்போது தோல் முடிந்திருந்தது. ஃபிரேமை மறுபடி மெஷினில் பொருத்தும் முன் முன்பக்கத்தைப் பார்த்தாள். கண் இருக்கவேண்டிய இரண்டு இடங்களிலும் வெள்ளைத்துணி. உதட்டிலும் வெள்ளைத்துணி. மற்றதெல்லாம் சதை நிறம். அவள் கையாலேயே தேர்ந்தெடுத்த நூல்கள்தான், ஆனால் நூலுக்கு உரிய மினுக்கம் அதில் இல்லை. டியூப்லைட்டின் கீழே சாய்த்துப் பிடித்தபோது கன்னத்தில் பூனைமுடி தெரிந்தது. புறங்கையால் தொட்டாள். வெதுவெதுவென்று இருந்தது.

மோட்டார் சூடு, என்று சொல்லிக்கொண்டாள். இத்தனை மணி நேரம் ஓடினால் சூடாகாதா.

"அம்மா" என்று உள்ளறையிலிருந்து குட்டி கூப்பிட்டாள். "கன்னம் அரிக்குது."

குட்டி கட்டிலில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அவளுக்கு விடுமுறை நாளென்றால் பத்துப் பென்சிலும் ஒரு கட்டிலும் போதும். அப்பா வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தான், நாளைக்குத்தான் வருவான். அவள் பிள்ளையின் முகத்தைச் சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இரண்டு கன்னங்களிலும் சின்னச் சின்னப் புள்ளிகள். வேர்க்குரு மாதிரி மேடாக இல்லை, பள்ளமாக இருந்தன. வேர்க்குரு கன்னாபின்னாவென்று வரும். இவை வரிசையாக இருந்தன, எல்லா வரிசையும் ஒரே சாய்வில், வரிசைக்கு வரிசை ஒரே இடைவெளியில்.

"எதையாவது தேய்ச்சியா?"

"இல்லம்மா. குத்துச்சு. இப்போ நின்னுடுச்சு."

பள்ளங்களில் மஞ்சளாக ஏதோ மினுங்கியது. அவளுக்கு வாயில் நீர் ஊறிக் குமட்டியது. விரலால் தொட மனம் வராமல், பஞ்சுக்குச்சியில் களிம்பைத் தொட்டுத் தூர இருந்தே தடவினாள். களிம்பு கன்னத்தின் மேல் நிற்கவில்லை. உள்ளே போய்விட்டது. இன்னும் கொஞ்சம் தடவினாள். அதுவும் போயிற்று.

சாயங்காலம் டாக்டரிடம் காட்டலாம் என்று முன்னறைக்கு வந்து இரண்டாம் பகுதியை ஓட்டினாள். மெஷின் முடியைத் தைக்கத் தொடங்கியது. மழைச் சத்தத்துக்கு மேலே ஊசியின் தடதடப்பு கேட்டுக்கொண்டே இருந்தது, நிமிடத்துக்கு எழுநூறு குத்து, அத்தனை வருடமாகக் காதில் விழுந்து விழுந்து அவளுக்கு அது மௌனம் மாதிரி. ஆனால் இன்று அதற்குள் இன்னொரு சத்தம் இருந்தது. ஊசி மேலே வரும்போதெல்லாம் ஈரத்திலிருந்து உருவப்படுகிற சத்தம். வாய்க்குள் விரலை விட்டு எடுத்தால் கேட்பது. ரேடியோவைப் போட்டாள். ரேடியோவைத் தாண்டியும் கேட்டது. அணைத்துவிட்டாள்.

ஒரு மணிக்குக் குட்டிக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தாள். பிள்ளை டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து ஒரு வாய் நிறைய உறிஞ்சி, விளையாட்டாகக் கன்னத்தை உப்பினாள்.

பால் கன்னத்தில் வந்தது.

வாயிலிருந்து வழியவில்லை. உதடு இறுக்க மூடியிருந்தது. கன்னத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வெள்ளைத் துளி முளைத்தது, வரிசை வரிசையாக, ஒரே சாய்வில், நூற்றுக்கணக்கில். துளிகள் பருத்தன. ஒன்றோடொன்று சேர்ந்து முகவாய் வழியாகச் சொட்டின. குட்டி ஆச்சரியத்தோடு குனிந்து சட்டையைப் பார்த்தாள்.

"அம்மா, நான் துப்பலம்மா."

அவள் பிள்ளையின் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் நிமிர்த்தினாள். தோல் இருந்தது. ஆனால் நைந்த கொசுவலை இருப்பதுபோல் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் பல் தெரிந்தது. கடைவாய்ப் பல். அதைச் சுற்றிப் பால் நுரை.

சமையலறைக்கு ஓடிப் போய்த் தொட்டியில் வாந்தி எடுத்தாள்.

எடுத்துக்கொண்டே இருந்தபோது புரிந்தது. வரிகளுக்கு இடையே கூட்டிய இடைவெளி. அந்தச் சாய்வு அவள் போட்ட சாய்வு. உள்ளே ஒன்றும் இல்லாத மேல்தோல், அவள் உள்ளே ஒன்றும் இல்லாமல் தைத்த மேல்தோல். முன்னறைக்கு ஓடி மெஷினை நிறுத்தினாள். ஊசி துணியில் குத்தியபடி நின்றது.

பிரித்துவிடலாம். அதுதான் முதலில் தோன்றியது. தவறான தையலைப் பிரிப்பது அவளுக்கு வாடிக்கை. ஃபிரேமைக் கழற்றி, பின்பக்கம் திருப்பி, பிரிக்கிற முள்ளால் கன்னத்தில் ஒரே ஒரு நூலை நெம்பினாள். நூல் வழுக்கியது. அறுத்தாள்.

உள்ளறையில் குட்டி அலறினாள்.

இவள் கையில் ஃபிரேமோடு நின்றாள். அறுத்த இடத்திலிருந்து வெதுவெதுப்பாக ஒன்று அவள் மணிக்கட்டில் இறங்கியது. சிவப்பு. உதற வேண்டும்போல் கை துடித்தது. உதறினால் பிள்ளைக்கு வலிக்குமே என்று, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு தட்டு நிறையத் தண்ணீரை வைப்பதுபோல் ஃபிரேமை மேசையில் மெல்ல வைத்தாள்.

ஆஸ்பத்திரிக்கு ஓடலாம். ஓடி என்ன சொல்வது. டாக்டர் எதைத் தைப்பார், இருக்கவேண்டியதை எல்லாம் இவள் கணினியில் அல்லவா எடுத்து வைத்திருக்கிறாள். எடுத்தவள்தான் திரும்பப் போட வேண்டும். அந்த எண்ணம் வந்ததும் அவளுக்கு உடம்பில் தெம்பு வந்தது. அழித்துவிடவில்லையே. அறுபத்து மூவாயிரமும் பழைய டிசைனில் அப்படியே இருக்கிறது.

அதைத் திறந்தாள். விட்டுப்போன தையல்களை மட்டும் பிரித்தெடுத்துத் தனி டிசைனாக்கினாள். லட்சத்துக்குள்தான். மெஷின் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. துணி ஃபிரேமை விட்டு அசையவே இல்லை, அதனால் இம்மி பிசகாமல் அதே இடத்தில் விழும். மெக்கானிக்குக்கு ஒரு செய்தி மட்டும் அனுப்பினாள்: எடுத்த அடித்தையலை மறுபடி போடுகிறேன், வேறு ஏதாவது பார்க்கணுமா? பதிலுக்குக் காத்திருக்காமல் ஃபிரேமை மறுபடி மெஷினில் பொருத்தினாள். பொத்தானை அழுத்தினாள்.

பிறகு குட்டியிடம் போனாள். பிள்ளை அழுது ஓய்ந்து கிடந்தாள். அறுத்த இடத்தில் கன்னத்தில் ஒரு கோடு சிவந்திருந்தது. ஈரத்துண்டை முகத்தில் விரித்து, மேலே உள்ளங்கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். துண்டு இல்லாமல் அவளால் வைத்திருக்க முடியாது. அதற்காகத் தன்னை வெறுத்தாள். வெறுத்தும் துண்டை எடுக்கவில்லை.

"அம்மா குத்துது."

"கொஞ்ச நேரம்டா கண்ணு. சரியாப் போயிடும்."

"நெறைய குத்துது."

"ஆறதுக்குத்தான் குத்துது. பல்லைக் கடிச்சுக்கோ, என் செல்லம் இல்ல."

முன்னறையில் மெஷின் ஓடியது. அரை மணி நேரம் கழித்து, துண்டுக்கு அடியில் கன்னம் நிறைவதை உள்ளங்கை உணர்ந்தது. முன்பு பல் தட்டுப்பட்ட இடம் இப்போது கெட்டியாக இருந்தது. முக்கால் மணியில் இன்னும் கெட்டி. பிள்ளையின் மூச்சு சீரானது. "இப்போ வலிக்கல" என்றாள் குட்டி, துண்டுக்கு உள்ளேயிருந்து. அவளுக்கு உடைந்து அழ வேண்டும்போல் இருந்தது. தெரிந்த தெய்வத்துக்கெல்லாம் நன்றி சொன்னாள். பெத்த பிள்ளை முகத்தைப் போய்க் கடன் வாங்கினேனே, இனி ஒரு காலமும் இந்தப் பொழைப்பு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டாள். பிள்ளை தூங்கியதும் எழுந்து முன்னறைக்கு வந்தாள்.

திரையில் இன்னும் மூவாயிரம் தையல் பாக்கி. நான்கு நிமிடம். போன் அடித்தது. மெக்கானிக்.

"என்ன, ஞாயித்துக்கிழமையும் வேலையா?" என்றான். வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தான். "உங்க மெசேஜ் இப்பத்தான் பார்த்தேன். ஒரு சந்தேகம். மேல்தையல் ஏற்கெனவே போட்டாச்சா, போடலையா?"

"போட்டாச்சு."

"போட்டப்புறமா அடித்தையல் போடறீங்க?"

அவள் மெஷின் பக்கம் திரும்பினாள்.

அவன் சிரிக்க ஆரம்பித்தான். "அடித்தையல் எப்படிம்மா உள்ள போகும்? அது மேலதான் வந்து உட்காரும். சட்டையைப் போட்டுட்டு அதுக்கு மேல பனியனைப் போட்ட மாதிரி. இத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருந்துக்கிட்டு..." மேலே சொல்ல முடியாமல் அவன் சிரித்துக்கொண்டே இருந்தான்.

போனைக் கீழே வைத்தாள். அணைக்கவில்லை. அவன் சிரிப்பு மேசையிலிருந்து சன்னமாகக் கேட்டது.

ஊசிக்குக் கீழே பார்த்தாள். குறுக்கும் நெடுக்கும். கன்னத்தின் மேலே. மூக்கின் மேலே. முகவாயின் மேலே. தடித்த வலை. கட்டம் கட்டமாக. நிறுத்தும் பொத்தானைத் தேடிய விரல் வழுக்கியது, மறுபடி அழுத்தியது, அதற்குள் கடைசித் தையலும் விழுந்தது. மெஷின் தானாகவே நின்றது.

அமைதி. மழை மட்டும்.

உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது. காலடி. சின்னக் காலடி.

"அம்மா."

அவள் திரும்பவில்லை.

"அம்மா, சரியாயிடுச்சும்மா. ஓட்டையே இல்ல. பாரேன்."

துண்டு ஒட்டியிருந்த எதிலிருந்தோ உரிகிற சத்தம். அந்த வாடை. கசாப்புக் கடை மேசையைக் கழுவாமல் விட்டால் வருமே.

திரும்பினாள்.

கண்கள் குட்டியின் கண்கள். நெற்றி குட்டியின் நெற்றி. அதற்குக் கீழே, தோலின் மேலே, தோலுக்கு அடியில் இருக்கவேண்டியது இருந்தது. சிவந்த நார்கள் குறுக்கும் நெடுக்குமாக. நார்களுக்கு நடுவே மஞ்சள் கொழுப்பு. துண்டின் பஞ்சு அங்கங்கே அதில் ஒட்டியிருந்தது. பிள்ளை சிரித்தாள். ஒவ்வொரு நாரும் தனித்தனியாக இழுபட்டுச் சுருங்குவது தெரிந்தது.

"தூக்கிக்கோ" என்றாள் குட்டி. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, முகத்தை நிமிர்த்தியபடி, அம்மாவின் கழுத்தில் கன்னத்தைப் புதைத்துக்கொள்ள ஓடி வந்தாள்.

அவள் பின்வாங்கினாள்.

நினைத்துச் செய்யவில்லை. உடம்பு செய்தது. முதுகு மெஷினில் இடித்தது. ஒரு கை தானாக முன்னால் நீண்டு, வராதே என்று நின்றது.

பிள்ளை பாதி வழியில் நின்றாள். அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஆறு வயதுதான், ஆனால் அந்த முகத்தில் இருப்பது என்னவென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சாக்கடை நுரையைப் பார்க்கும்போது அம்மாவுக்கு வரும் முகம்.

கண்கள் நிறைந்தன. நிறைந்து, வழிந்தன. கண்ணீர் கன்னத்தில் ஓடவில்லை. இறங்கிய இடத்திலேயே ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சொட்டாகத் தங்கி, இளஞ்சிவப்பாகி, குட்டி விசும்பும்போதெல்லாம் வரிசை வரிசையாக நடுங்கியது.